இரண்டாவது மேடு

"திறக்கலாமா?" என்று கேட்டார் ஆய்வுக் குழுவின் தலைவி.

நீளமான மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் சுவரிலிருந்த பெரிய திரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

சிட்டு மேஜைக்கு அடியில் விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். சிட்டு என்பது அவள் பெயர் இல்லை. சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள் என்று அப்பா வைத்தது. நாற்பதைத் தாண்டி, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வந்து ஒட்டிக்கொண்ட பிறகும் அந்தச் சிட்டு அலுவலகம் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. எதிர்வரிசையில் இருந்தவர் அவள் கணவர். அவரையும் இங்கே பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. லிஃப்ட் ஏன் லேட்டாக வருகிறது என்று கேட்டால்கூட நிற்க வைத்துப் பாடம் எடுப்பார் என்பதால் வாத்தியார்.

திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் சிட்டுவின் கணக்கு, வலது பக்கம் வாத்தியாரின் கணக்கு.

இரண்டு வரைபடத்திலும் ஒரே மாதிரி ஒரு மலை. மலையின் ஏற்றத்தில் கூரான ஒரு முள். இறக்கத்தில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, தாழ்வாக ஒரு மேடு.

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கோள்!" தலைவியின் குரலே கொஞ்சம் தடுமாறிவிட்டது. எதற்கும் அசையாத பெண்மணி அவர்.

அறை அதிர்ந்தது. கை தட்டினார்கள், மேஜையைத் தட்டினார்கள். யாரோ சிட்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் எதிரே பார்த்தாள். வாத்தியாரும் கை தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் கை தட்ட என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெகு தூரத்தில் ஒரு நட்சத்திரம். நமக்கும் அதற்கும் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத மங்கலான இன்னொரு நட்சத்திரம் நகர்ந்து போகிறது. முன்னால் போவதன் எடை, பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துப் பூதக்கண்ணாடி போலக் குவிக்கும். பின்னால் இருப்பது சில வாரம் பளிச்சென்று ஏறி, பிறகு பழையபடி இறங்கிவிடும். அதுதான் மலை. முன்னால் போன நட்சத்திரத்துக்குக் கோள்கள் இருந்தால், அவையும் தங்கள் பங்குக்கு ஒளியை வளைக்கும். முள்ளும் மேடும் அவற்றின் வேலை. ஒரு கோள் அகப்படுவதே பெரிய விஷயம், இரண்டு அகப்படுவது அபூர்வம். அதோடு இது ஒரு முறைதான் நடக்கும். அந்த இரண்டு நட்சத்திரங்களும் இனி யார் ஆயுளிலும் அப்படி ஒரே கோட்டில் வந்து நிற்கப்போவதில்லை. விண்வெளியில் இருந்துகொண்டு அதே வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துத் தள்ளும் தொலைநோக்கி அன்றைக்கு என்ன கொடுத்ததோ அதுதான் மொத்தச் சொத்து. தலைகீழாக நின்றாலும் அதற்குமேல் வரைபடத்தில் வைக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

அதனால்தான் இந்தக் குழுவில் மூடின கணக்கு என்றொரு வழக்கம் உண்டு. பெரிய விஷயம் எதுவானாலும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இரண்டையும் எல்லோர் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். ஒத்துப்போனால் உலகத்துக்குச் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

புருஷன் பெண்டாட்டியை ஒரே கணக்கில் போடுவதில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆனால் இரண்டு கோள் கணக்கைத் தனியாகப் போடத் தெரிந்த மூன்றாவது ஆள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் தலைவி இவர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். "வீட்டுல வாயைத் திறக்க மாட்டீங்களே?"

"வீட்டுல எனக்கு ஏது மேடம் வாய்?" என்றார் வாத்தியார்.

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் கூத்து. அவர்களோடு வாத்தியாரின் தங்கையும் இருந்தாள். பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளி கிளினிக். சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் அண்ணியும் கறிகாய் விலை, குழாய் ஒழுகல், பக்கத்து வீட்டு நாய் என்று உப்புச்சப்பில்லாமல் பேசிக்கொள்வதைச் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

"அண்ணி, நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாயைத் திற, வாயைத் திறன்னு கத்திட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா இங்க ரெண்டு பேர். உங்களுக்கும் மயக்க ஊசி போட்டாத்தான் வாய் திறப்பீங்களா?"

"போட்டுப் பாரு. இவ தூக்கத்துலயும் உளற மாட்டா," என்றார் வாத்தியார்.

"நீ உளறுவே அண்ணா. உன்னை எனக்குத் தெரியும்."

சிட்டுவும் அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் அந்த மேஜையில் சொல்லாமல் கிடந்தது இந்த நட்சத்திரம் மட்டும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பும் ஒரு முறை சிட்டுவுக்கு இரண்டு கோள் கிடைத்தது. அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அன்றைக்கும் மறுபக்கம் கணக்குப் போட்டவர் வாத்தியார்தான். திறந்து பார்த்தால் அவர் கணக்கில் ஒரு கோள்தான் இருந்தது. சிட்டு இரண்டாவது கோள் என்று எண்ணியது, பக்கத்திலிருந்த வேறொரு நட்சத்திரம் மினுக்கியதால் வந்த வினை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிட்டுவே முதல் ஆளாக எழுந்து அதைச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து அவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். பிறகு அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் பேச்செடுத்தால் மட்டும் சிட்டு தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

இன்றைக்கு அந்தக் கணக்கும் சேர்ந்து நேரானதாகத் தோன்றியது அவளுக்கு.

"நாளைக்கு மதியம் செய்தி அறிக்கை போயாகணும்," என்றார் தலைவி. "சிட்டு, கட்டுரையில அடிக்குறிப்பு ஒண்ணு பாக்கி இருக்கு. சூரியப் புயல் அன்னிக்கு எந்தப் புள்ளிகளை விட்டோம்னு ஒரு வரி போடணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க."

ஒரு வரிதான். சிட்டு தன் அறைக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி அந்தச் சந்தோஷத்தை அனுபவித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

அந்த வாரத்தில் சூரியனில் ஒரு கொந்தளிப்பு. அரை நாள் நேரம் தொலைநோக்கியின் உடம்பு லேசாகச் சூடாகி, படங்களின் கூர்மை கெட்டுப்போனது. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் வெளிச்ச அளவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அந்த அரை நாள் புள்ளிகளை எடுத்துவிடுங்கள் என்று விண்கலத்தை ஓட்டும் பொறியாளர்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள். தேதி போட்டு, நள்ளிரவு முதல் நண்பகல் வரை என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

சிட்டு அதைப் படித்தாள். தன் கணக்கில் விட்டிருந்த நேரத்தைப் பார்த்தாள். மறுபடி தகவலைப் படித்தாள்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை.

வானியல்காரர்களின் நாள் கணக்கு ஒரு தனி தினுசு. ஊருக்கெல்லாம் தேதி நள்ளிரவில் மாறும், இவர்களுக்கு நண்பகலில் மாறும். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்ப்பவனுக்கு வேலை நடுவில் தேதி மாறினால் குழப்பம் என்று எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. பொறியாளர்களின் தேதியை வானியல் நாளாக மாற்றும்போது அந்த அரை நாளைக் கழிக்க வேண்டும். மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற சங்கதி. சிட்டு கழிக்க மறந்திருந்தாள். அதனால் நள்ளிரவு முதல் நண்பகல் வரை கெட்டுப்போயிருந்த புள்ளிகள் உள்ளேயே இருந்தன. நண்பகலுக்குப் பிறகு வந்த அருமையான புள்ளிகள் குப்பைக்குப் போயிருந்தன.

அந்த அரை நாள், இரண்டாவது மேட்டின் நடுவில் இருந்தது.

சிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். அவள் தன் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் கணக்கில் கோட்டை விட்டிருக்கலாம். அதனால் என்ன? அவர் கணக்கு இருக்கிறதே! அவர் தனியாகப் போட்டது. அவருக்கும் மேடு வந்திருக்கிறது. மூடின கணக்கு என்று ஒன்றை வைத்திருப்பதே இதற்குத்தானே?

அப்படியே நிம்மதியாக வந்து உட்கார்ந்து, வாத்தியாரின் வரைபடத்தைத் திறந்தாள்.

அவர் வரைபடத்திலும் மேட்டின் நடுவில் இடைவெளி இருந்தது. சிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நண்பகலில் தொடங்கி நள்ளிரவில் முடியும் இடைவெளி. அதே இடம். ஓரத்தில் அவள் வழக்கமாகக் கூடுதலாக வெட்டும் இரண்டு புள்ளிகள்கூட அதே மாதிரி வெட்டப்பட்டிருந்தன.

பரீட்சையில் காப்பியடிப்பவர்கள் சரியான விடையால் மாட்டுவதில்லை. இரண்டு தாளிலும் ஒரே தப்பு இருக்கும்போதுதான் மாட்டுவார்கள்.

சிட்டு வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு ஃபோன் செய்தாள்.

"கீழ கார்கிட்ட வாங்க."

"என்ன சிட்டு, பார்ட்டியா? எல்லாரும் உன்னைத்தான்..."

"வாங்கன்னா வாங்க."

வாத்தியார் சட்டைப் பையில் பேனாவைச் சொருகிக்கொண்டே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நடை குறைந்தது. சிட்டு கார் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அவர் மறுபக்கம் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"புயல் அன்னிக்கு எந்த அரை நாளை விட்டீங்க?"

"சொன்ன அரை நாளைத்தான்."

"காலையா, மத்தியானமா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. அந்த இரண்டு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது சிட்டுவுக்கும் விளங்கிவிட்டது.

"நீ மாத்தி எடுத்துட்டியா?" என்றார் மெதுவாக.

"ஆமா. நான் மாத்தி எடுத்தேன். நீங்க ஏன் மாத்தி எடுத்தீங்க?"

சுவரில் வண்டி எண் எழுதியிருந்தது. வாத்தியார் அதையே படித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"ஒரு ஞாயித்துக்கிழமை. நீ குளிக்கப் போயிருந்தே. லேப்டாப்பை மேஜையிலேயே திறந்து வெச்சுட்டுப் போயிட்டே. பாக்கக் கூடாதுன்னுதான் மூடப் போனேன் சிட்டு. மூடப் போகும்போது கண்ணுல பட்டுடுச்சு."

"கண்ணுல பட்டா கணக்குல எப்படி வரும்?"

"அதுக்கு முன்னாடியே என் கணக்கு முடிஞ்சிருந்தது. எனக்கு ஒண்ணுதான் வந்தது. ரெண்டாவது வரவே இல்ல. எத்தனை தடவை போட்டாலும் வரல." அவர் குரல் தேய்ந்தது. "உன்னோடதுல அழகா நின்னுட்டிருந்தது. நீ எதை விட்டிருக்கேன்னு பாத்தேன். நான் விட்டதும் நீ விட்டதும் வேற வேற. உடனே என்ன தோணுச்சு தெரியுமா? நான்தான் நாளை மாத்தி எடுத்துட்டேன்னு தோணுச்சு. நீ தப்பு பண்ணியிருப்பேன்னு மனசுல வரவே இல்ல."

"சரிபாக்கலியா? பொறியாளர் அனுப்பினதை ஒரு தடவை திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே!"

"பாக்கல."

"ஏன்?"

"பாத்தா உன்னோடது தப்பாயிடுமோன்னு பயம்."

சிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மறுபடியும் அந்த ரூம்ல உக்காந்து, எல்லார் முன்னாடியும், உனக்கு ஒண்ணுதான்னு நான் சொல்லணுமா?" என்றார் அவர். "போன தடவை நீ எழுந்து நின்னு, அவர் சொல்றதுதான் சரின்னு சொன்னே பாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னே. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தொண்டையில மாட்டிட்டு இருக்கு."

"அதுக்காக எனக்குப் பொய்யா ஒரு கோளைச் செஞ்சு குடுப்பீங்களா?"

காரைப் பின்னால் எடுக்கத் திணறியவர் ஒருவழியாக எடுத்துக்கொண்டு போனார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை பளபளத்தது.

"சிட்டு, இன்னும் நேரம் இருக்கு," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடியே. "ரெண்டு பேரும் சரியான அரை நாளை விட்டுட்டு மறுபடி போட்டுப் பாப்போம். கோள் நின்னுட்டா யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். சின்னத் திருத்தம்னு மாத்திடலாம். உன் கோள் உன்கிட்ட இருக்கும்."

சிட்டு கதவைத் திறந்துகொண்டு இறங்கி மேலே போனாள்.

நேராகத் தலைவியின் அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தன் அறைக்குள் நுழைந்து, கதவைத் தாழிட்டு, அரை நாளைச் சரியாகக் கழித்து, கணக்கை மறுபடி ஓடவிட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்பதை விடை வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வாத்தியாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாதபடி அது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

கெட்ட புள்ளிகள் போயின. நல்ல புள்ளிகள் திரும்ப வந்து உட்கார்ந்தன. மேடு பாதியாக அமிழ்ந்தது.

முழுக்கப் போயிருந்தால்கூடத் தேவலை. போகவில்லை. இறங்கும் பக்கம் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அது கோளாக இருக்கலாம். பின்னால் இருக்கும் நட்சத்திரத்துக்கு மங்கலான ஒரு ஜோடி இருந்தாலும் இதே மாதிரிதான் வரும். நிறத்தை அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் தொலைநோக்கி எப்போதாவது ஒரு முறைதான் நிறம் மாற்றிப் படம் எடுக்கும். அந்த நாளில் எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் புயல் நேரத்தில். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இனிமேல் போய்ப் பார்த்து வரவும் வழியில்லை. அந்த நட்சத்திரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயே போய்விட்டது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் பல் டாக்டர் கேக் பெட்டியோடு எதிரே வந்தாள்.

"வாங்க அண்ணி! உங்க ஆபீஸ்லேர்ந்து கிளினிக்குக்கு வந்த பேஷன்ட் சொல்லிட்டாரு. ரெண்டாமே! இப்பவாச்சும் வாயைத் திறந்து..." அவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? அண்ணா, நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

தங்கைக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ! வாத்தியார் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"கேக்கை உள்ள வைம்மா," என்றாள் சிட்டு. "அப்புறம் பாத்துக்கலாம்."

பல் டாக்டர் வாயாடிதான், ஆனால் விவரம் தெரிந்தவள். பெட்டியை ஃபிரிஜ்ஜில் தள்ளிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிட்டு சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள். வாத்தியார் வாசற்படி தாண்டி வரவில்லை.

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். பாதிதான் நிக்குது. அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப என்ன செய்யப் போறே?"

"நாளைக்குக் காலையில சொல்லப் போறேன். நான் அரை நாளை மாத்தி எடுத்தேன்னு சொல்வேன். அது என் தப்பு, அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி நான் ஏன் சொல்லணும்?" என்றாள் சிட்டு. "நான் காட்டிக் குடுக்கவும் மாட்டேன், மூடி மறைக்கவும் மாட்டேன். உங்க வாய் உங்ககிட்டதான் இருக்கு."

அவர் அங்கேயே நின்றார். சிட்டு முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள். மூன்று தட்டு போட்டாள். அன்றைக்குக் குழாய் ஒழுகலைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

காலையில் அதே அறை, அதே மேஜை. திரையில் செய்தி அறிக்கையின் முதல் பக்கம். இரண்டு கோள்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சிட்டு எழுந்து நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: அரை நாளைக் கழிக்க மறந்தேன், கெட்டதை வைத்து நல்லதை எறிந்தேன், சரிசெய்தால் இரண்டாவது மேடு பாதிதான் நிற்கிறது. அறிக்கையை நிறுத்த வேண்டும்.

பின்வரிசையில் யாரோ பேனாவைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

தலைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். எதையும் இரண்டு முறை யோசிக்கிற பெண்மணி. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார்.

"தப்பு யாருக்கும் வரும் சிட்டு. அதுக்குத்தான் ரெண்டாவது ஆள் வெச்சிருக்கோம். இப்ப எனக்குப் புரியாதது ஒண்ணுதான்." அவர் பார்வை மேஜையின் மறுபக்கம் நகர்ந்தது. "அவர் கணக்குலயும் அதே அரை நாள் எப்படிப் போச்சு?"

சிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவள் தன் கை நகங்களைப் பார்த்தாள். எதிரே நாற்காலி நகரும் சத்தம் கேட்குமா, கேட்காமலே போய்விடுமா என்று காத்திருந்தாள். அவளுடைய கோள் நேற்றே போய்விட்டது. இந்த நிமிஷத்தில் போகக் காத்திருந்தது அவர்மேல் இருந்த நம்பிக்கை.

நாற்காலி நகர்ந்தது.

"நான் பாத்தேன் மேடம்," என்றார் வாத்தியார். "அவளுக்குத் தெரியாம அவளோட கணக்கைப் பாத்து, என்னோடதை மாத்தினேன். எனக்கு முதல்ல வந்தது ஒரு கோள்தான். அவளுக்கு இது நேத்து மத்தியானம் வரைக்கும் தெரியாது."

வழக்கமாக எதையும் நீட்டி முழக்குகிற மனிதர். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார். நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"ஏன்?" என்றார் தலைவி.

"அது வீட்டு விஷயம் மேடம். இங்க சொல்றதுக்குத் தகுதியான காரணம் இல்ல."

தலைவி தலையை ஆட்டினார். திரையை அணைத்தார். "அறிக்கை நிறுத்தப்படுது. லீவுல இருக்கறவ திரும்பி வந்ததும் முதல்லேர்ந்து போடட்டும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்த நட்சத்திரத்தைத் தொடக் கூடாது. வாத்தியார், நீங்க இனிமே எந்த மூடின கணக்குலயும் கிடையாது. எவ்வளவு நாளைக்குன்னு நான் அப்புறம் சொல்றேன்."

தொலைநோக்கியின் பழைய படங்களைச் சீர்செய்யும் பிரிவுக்கு வாத்தியார் மாற்றப்பட்டார். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. அங்கே யாருக்கும் பாடம் எடுக்கவில்லை என்று கேள்வி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் சிலர் அவரோடு உட்கார்ந்தார்கள், சிலர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். சிட்டு எல்லா நாளும் அவர் எதிரேதான் உட்கார்ந்தாள். பேசிய நாளும் உண்டு, பேசாத நாளும் உண்டு.

மூன்றாவது ஆள் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். கணக்கை முதலிலிருந்து போட்டாள். அவள் விடையைத் திறந்த அன்றைக்கு சிட்டு பின்வரிசையில் இருந்தாள். ஒரு கோள் உறுதி. இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. கட்டுரைத் தலைப்பில் இருந்த இரண்டு என்ற சொல்லை அடிக்கும் வேலையை சிட்டு யாரிடமும் விடவில்லை. தானே அடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் மறைந்தன. அந்த இடத்தில் 'ஒரு' என்று போட்டாள். அந்த ஒன்றும் சாதாரணமில்லை, யாரும் பார்த்திராத ஓர் உலகம். இரண்டு நாள் கழித்துத்தான் அது அவள் மனதில் இறங்கியது.

அடுத்த கண்காணிப்புப் பருவம் தொடங்கும்போது தலைவி அவளைக் கூப்பிட்டார். அதே வானத்தின் வேறொரு மூலையில் புதிதாக ஒரு நட்சத்திரம் ஏறத் தொடங்கியிருந்தது. ஏற்றத்தில் இப்போதே ஒரு முள்.

"உங்க வீட்டுக்காரருக்கு விதிச்சது போதும்னு நினைக்கறேன்," என்றார் தலைவி. "அன்னிக்கு அவரா எழுந்து சொல்லாம விட்டிருந்தா கதை வேற. ஆளும் பத்தல. அவரோட மறுபடி மூடின கணக்குப் போட உங்களுக்குச் சம்மதமா? நீங்க சரின்னா எனக்கும் சரி."

தலைவியின் மேஜையில் ஆறிப்போன காபி ஏடு கட்டியிருந்தது.

"வேற யாரோட வேணும்னாலும் அவரைப் போடுங்க மேடம். யாருக்கும் தலையை ஆட்ட மாட்டார், உள்ளதைத்தான் சொல்வார். என்னோட மட்டும் வேண்டாம்."

"இன்னும் கோபமா?"

"கோபம் எப்பவோ போயிடுச்சு மேடம். 'உனக்கு இல்லை'ன்னு என்கிட்ட சொல்ல அவரால இனிமே முடியாது. சொல்ல முடியாதவர் எனக்கு ரெண்டாவது ஆளா இருந்து என்ன பிரயோஜனம்?"

தலைவி அவளைப் பார்த்தார். "வீட்டுல இதைச் சொல்வீங்களா?"

"சொல்லணும்."

அன்று மாலை சொன்னாள். வாத்தியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஹாலில் யாருடனோ ஃபோனில் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிட்டு பக்கத்தில் நின்று, தலைவி கேட்டதையும் தான் சொன்னதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடு நின்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே," என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. சிட்டு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தையும் துடைத்துக்கொண்டார். பிறகு மிச்சமிருந்த இரண்டு தட்டுகளையும் அவள் கழுவ, அவர் துடைத்து அடுக்கினார்.